விரதம் பிடித்த வைன் தொழிற்சாலை

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னைக் கண்டால் கேட்கிற முதல் கேள்வி, "ஐயா, இவ்வளவு காலமும் வைன் சுவை பார்த்தனீங்கள், ஒரு நாளும் வெறிக்கேல்லையோ?" என்பதுதான். வெறிக்கவில்லை. சுவை பார்க்கிறவன் வாயில் எடுத்து, நாக்கில் உருட்டி, வாளிக்குள் துப்புகிறவன். நான் வேலையில் சேர்ந்த முதல் மாதமே என் மனைவி சொல்லிவிட்டார்: "துப்பிறதுக்குச் சம்பளம் குடுக்கினமெண்டா, வெத்திலை போடுற எங்கட மாமிக்கெல்லோ அந்த உத்தியோகம் பொருத்தம்!"

நீங்கள் எல்லாம் படித்துவிட்டு வந்தவர்கள். மதுசாரம் அளக்கிற மானியை எப்படிப் பிடிப்பது, வைன் நிறைக்கிற தாங்கியை எப்படிக் கழுவுவது என்று நான் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். மானியும் மூக்கும் நாக்கும் ஒரே நாளில் கைவிட்டால் என்ன செய்வீர்கள்? சிரிக்காதீர்கள். எங்களுக்கு அது நடந்தது, அதுவும் வைன் வாங்க ஆள் வருவதற்கு முதல்நாள்.

முதலில் பருவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாங்குளத்தில் எங்கள் முந்திரிகைத் தோட்டம், அதாவது திராட்சைத் தோட்டம், வருடத்தில் இரண்டு தரம் காய்க்கும். கொடியை வெட்டிவிட்டால் துளிர்க்கும், துளிர்த்தால் பூக்கும். ஆகவே எப்போது காய்ப்பது என்பது கத்தரிக்கோலின் முடிவு. எப்படி ருசிப்பது என்பது காற்றின் முடிவு. வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து சோளகம் கிளம்பி, புழுதியை வாரி முகத்தில் அறைகிற மாதங்களில் முற்றுகிற பழம் சின்னது, தோல் தடித்தது, இனிப்பு. வேர் தண்ணீருக்குத் தவிக்கும்போது கொடி தன்னிடம் இருப்பதையெல்லாம் பழத்துக்குள் போட்டுவிடும். மாரி மழையில் வளர்ந்து வாடைக்காற்றில் முற்றுகிற பழமோ பார்க்க வாட்டசாட்டமாக இருக்கும், உள்ளே தண்ணீரும் புளியும்தான். அந்த வைனை வாயில் வைத்தால் இரண்டு காதுக்கும் கீழே தாடை சுருக்கென்று இழுக்கும். நாங்கள் ஒன்றைச் சோளகம் என்போம், மற்றதை வாடை என்போம்.

விலை கூடின வைன் செய்கிறவர்களுக்கு இது பெரிய தலையிடி இல்லை. பல தோட்டத்துப் பழத்தைக் கலப்பார்கள், மரப்பீப்பாவில் வருடக்கணக்காய் வைத்திருப்பார்கள், கெட்ட மழையை ஒளித்துவிடுவார்கள். எங்களுடையது மலிவு வைன், ஒளிக்க இடமில்லை. போன மாரியில் மழை கூடப் பெய்ததா, சோளகம் பிந்தியதா என்று எங்கள் போத்தல் எல்லார் முன்னாலும் சொல்லிவிடும், கலியாண வீட்டில் குடித்துவிட்டு உண்மை பேசுகிற மச்சானைப் போல. எனக்கு அந்த மச்சானில் ஒரு விருப்பம் உண்டு.

எங்கள் மனேச்சருக்கு இல்லை. அவர் கிளிநொச்சியில் விவசாயம் படித்த பிள்ளை, கெட்டிக்காரி, அந்த நேரம் பிள்ளைத்தாய்ச்சி. சோளகம் விற்கும், வாடை விற்காது என்பது அவருடைய கணிப்பு. ஆகவே இனிமேல் மாரிக்குக் கொடி வெட்டுவதில்லை, இருக்கிற வாடை வைனை வினாகிரிக்கு விடுவது என்று முடிவெடுத்துவிட்டார். அந்த முடிவைக் கேட்டுக் மனேச்சரின் கந்தோர் அறைக்குள் வந்து நின்றவர் செல்வமணி. தோட்டத்துக்குப் பொறுப்பு அவர்தான். அவருடைய தாய் மலையில் தேயிலைக் கொழுந்து கொய்தவர், வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம். அவருக்குக் கீழே வேலை செய்த பெண்களுக்கு மாரியில் வேறு வேலை கிடையாது. வயலில் விதைப்பையும் வெட்டையும் மெஷின் பார்த்துக்கொள்ளும். மழைக்குள் அவர்களைக் கூப்பிட்டது எங்கள் தோட்டம் ஒன்றுதான். மாரிப் போகம் நின்றால் பாதி வருடம் அத்தனை வீட்டிலும் அடுப்புக்கு வழியில்லை.

"அம்மா, வாடையை ஒருதரம் யாருக்காச்சும் குடுத்துப் பாருங்கம்மா" என்றார் செல்வமணி.

"ஆருக்குக் குடுக்கிறது செல்வமணி? வாறவை நல்லதைக் கேட்டு வருவினம். நான் போய்ப் புளியை நீட்டுறதோ?" என்றார் மனேச்சர். கேட்டதில் பிழையில்லை. செல்வமணி தோட்டத்துக்குத் திரும்பிப் போனார்.

டொலர் தட்டுப்பாடு வந்த பிறகு வெளிநாட்டு வைன் ஆனை விலை குதிரை விலை. கடற்கரையில் ஹோட்டல் நடத்துகிற ஒரு கொழும்பு நிறுவனம் மலிவான உள்ளூர் வைன் தேடியது. அவர்களுடைய கொள்வனவு அதிகாரி நேரில் வந்து சுவை பார்ப்பதாகச் சொல்லி, ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார். மனேச்சர் கலண்டரைப் பார்க்காமல் ஓம் என்றுவிட்டார். அது வற்றாப்பளை அம்மனின் திங்கட்கிழமைப் பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வைகாசியில் வற்றாப்பளை கண்ணகை அம்மனுக்குப் பொங்கல் வருகிறதென்றால் எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் மீன் மணம் இராது. குடிக்கிறவன் போத்தலை ஒளித்துவைப்பான். வாயும் சுத்தம், வளவும் சுத்தம். வேலைத்தலங்களையும் கழுவித் துடைத்துச் சாம்பிராணி போடுவார்கள். எங்கள் வைன் தொழிற்சாலை மட்டும் அம்மனுக்கு விலக்கா?

வியாழக்கிழமை காலையில் நான் போனபோது நிலம் கண்ணாடி மாதிரி மின்னியது. செல்வமணியும் பெண்களும் காவலாளி சின்னராசாவும் முதல்நாள் பின்னேரமே கூடிக் கழுவியிருந்தார்கள். சில்லு வைத்த இரண்டு தாங்கிகளையும் வெளியே உருட்டி, அடி நிலம் தேய்த்து, திரும்ப உள்ளே உருட்டி, தாங்கிகளையும் தேய்த்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வேப்பிலை கட்டி, சாம்பிராணி போட்டு முடித்திருந்தார்கள். அருமையான வேலை. தாங்கிகளில் வெண்கட்டியால் எழுதியிருந்த 'சோளகம்', 'வாடை' இரண்டையும் காணவில்லை.

"சின்னராசா, இதில எது எது?"

"ரெண்டும் துப்பரவு ஐயா."

"துப்பரவைக் கேக்கேல்லையடாப்பா! சோளகம் எது, வாடை எது?"

அவர் இடப்பக்கத்தைக் காட்டினார். செல்வமணி வலப்பக்கத்தைக் காட்டினார். உருட்டின பெண்கள் ஆளுக்கொரு பக்கம் காட்டினார்கள். மனேச்சர் வந்து பார்த்துவிட்டுக் கதிரையில் தொப்பென்று இருந்தார்.

பதறாதீர்கள், மானி இருக்கிறதே என்று நானும் நினைத்தேன். மதுசார மானி இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டியது. ஏன் காட்டாது? வாடைச் சாற்றுக்கு நொதிக்க முதலே சீனி போட்டு மதுசாரத்தைச் சோளகத்துக்குச் சமப்படுத்தினவர்களே நாங்கள்தானே. புளிப்பு அளக்கிற கருவி பழுது பார்க்கக் கொழும்புக்குப் போயிருந்தது. நிறம் இரண்டும் ஒரே கறுப்புச் சிவப்பு. சரி, மணந்து பார்ப்போம் என்று ஒரு தாங்கிக்குள் மூக்கை விட்டேன், கோயில் மணந்தது. மற்றத் தாங்கியும் கோயில் மணந்தது. வெளியே போய் மூக்கைச் சீறிவிட்டு என் சைக்கிள் சீற்றை மணந்தேன், அதுவும் கோயில். சாம்பிராணியில் இவர்கள் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

ஆகக் கடைசியில் இருப்பது நாக்கு. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அங்கேதான் சனியன். அந்த வருடம் மாசியில் எனக்கு இருமல் கடுமையாகி, என் மனைவி வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தார்: இருமல் சுகப்பட்டால் இந்த மனிசன் வைகாசி பிறந்து பொங்கல் முடியும்வரை ஒரு சொட்டும் வாயில் வைக்கமாட்டார் என்று. இருமலும் சுகப்பட்டுவிட்டது. போன் எடுத்தேன்.

"இஞ்சாரும், வேலை விசயமாய் ஒரு வாய் பார்க்க வேண்டிக் கிடக்கு. விழுங்கமாட்டன், துப்பிப்போடுவன்."

"வாய்க்குள்ள போனா போனதுதான்."

"எனக்கு இது உத்தியோகமப்பா!"

"அம்மனுக்குச் சொல்லேக்க உத்தியோகத்தை விட்டுட்டெண்டு நான் சொல்லேல்லை. பேந்து இருமினா என்னட்டை வராதேங்கோ." போனை வைத்துவிட்டார்.

மனேச்சர் பக்கத்துப் பிள்ளையார் கோயில் ஐயரிடம் போனில் ஒலிபெருக்கியைப் போட்டுக் கேட்டார். துப்பினால் விரதம் கெடுமா? ஐயர் "விழுங்கேல்லையெண்டா பிழையில்லைப் பிள்ளை" என்றார். எல்லாரும் மூச்சு விட்டோம். "ஆனா, கேட்டிட்டியள். கேக்கிற அளவுக்கு மனசில சந்தேகம் வந்திட்டெண்டா அது பிழைதான்" என்றார். கேட்காமல் இருந்திருந்தால் தப்பியிருப்போம்.

மனேச்சரே சுவை பார்க்க முடியாது, வயிற்றில் பிள்ளை. ரோட்டால் போகிற லொறிக்காரனைக் கூப்பிட்டு வார்த்துக் கொடுத்தால் மதுவரிக்காரர் வந்து பூட்டுப் போட்டுவிடுவார். தொழிற்சாலைக்குள் இருக்கிற ஆள்தான் வேண்டும். சின்னராசாவைப் பார்த்தேன். மற்ற நாட்களில் அவரைத் தாங்கிக்குக் கிட்ட விடாமல் இருப்பதே எனக்கு ஒரு வேலை. அவருக்குக் காவலாளி வேலை கொடுத்ததே பிழை என்று மாங்குளம் முழுக்கச் சொல்லும். மெல்லமாகக் கேட்டேன், "சின்னராசா, நீராவது ஒரு வாய்..."

மனிசன் அழுதுவிட்டார். "ஐயா, வருசம் முழுக்க என்ர பெண்சாதி என்னை நாசமறுவான் எண்டுதான் கூப்பிடுறவ. இந்தக் கிழமை மட்டும்தான் 'இஞ்சாருங்கோ' எண்டுவா. உங்கட கண்டறியாத வைனுக்காக அதையும் பறிக்கப் போறியளோ?" எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் கண்ணீரைக் கண்ட பிறகு நான் ஒருவரிடமும் கேட்கவில்லை.

பிறகு மனேச்சருக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு தட்டில் ஒவ்வொரு துளி விட்டு வைத்தால் எறும்பு புளிப்புக் குறைந்ததற்குத்தானே போகும்? வைத்தோம். விஞ்ஞானம் என்று எல்லாரும் சுற்றிக் குந்தியிருந்து பார்த்தோம். எறும்பு நிரை வந்தது, இரண்டு தட்டுக்கும் நடுவால் போனது, மனேச்சரின் பிஸ்கட் பெட்டிக்குள் ஏறியது.

மத்தியானம் இரண்டு சின்னப் போத்தலோடு தேவாலயத்துப் பாதரிடம் போனேன். பூசைக்கு வேண்டிய வைனை எங்களிடம் வாங்குகிறவர், வாடிக்கையாளருக்கு மாதிரி கொடுக்கலாம். பாதர் இரண்டையும் பொறுமையாகக் குடித்துப் பார்த்தார். "ரெண்டிலயும் சீனி காணாது மகன்" என்றார். பூசைக்குப் போகிறது தேன் மாதிரி இனிப்பு வைன், அவருடைய நாக்குக்கு அதுதான் அளவு. "எது கூடப் புளி பாதர்?" என்று கெஞ்சினேன். "சீனி இல்லாட்டி எல்லாம் புளிதானே" என்றார். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை கொள்வனவு அதிகாரி வந்து இறங்கினார். வெயிலுக்குள் கழுத்துப்பட்டி, வெள்ளைச் சேட்டு, கையில் அவருடைய சொந்தக் கண்ணாடிக் கிண்ணங்கள். கிண்ணத்தைச் சுழற்றினார், வெளிச்சத்துக்குப் பிடித்தார், மணந்தார். கண்ணை மூடினார்.

"இதில ஒரு வாசம் வருதே... சந்தனமா? இல்ல, சாம்பிராணி! என்ன அருமை! எப்படிக் கொண்டு வந்தீங்க?"

"அது... இந்த மண்ணின்ர குணம் சேர்" என்றேன். பின்னால் நின்ற செல்வமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இடப்பக்கத் தாங்கியைச் சுவைத்தார், வலப்பக்கத்தைச் சுவைத்தார், திரும்ப இடப்பக்கம், திரும்ப வலப்பக்கம். நாங்கள் எல்லாரும் அவருடைய தாடையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது அசையவே இல்லை. பொறுக்க முடியாமல் கேட்டேன், "சேர், எது கூடப் புளிப்பு?"

"புளிப்புன்னு சொல்லக்கூடாது. உயிர்ப்பு."

"சரி சேர், எதில உயிர்ப்புக் கூட?"

"ரெண்டிலயும் உயிர்ப்பு இருக்கு. வேற வேற உயிர்ப்பு." இவ்வளவு படித்த மனிசனிடம் இதற்கு மேல் எப்படிக் கேட்பது?

கடைசியில் வலப்பக்கத் தாங்கியில் கையை வைத்தார். "எங்க ஹோட்டல்ல கடல்மீன்தான் சாப்பாடு. அதுக்கு இதுதான். ஒவ்வொரு வருஷமும் இதேதான் வேணும், மத்தது வேணாம். இது எந்தப் போகம்?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு வாயில் பொய் ஆயத்தமாக இருந்தது. சோளகம் என்று சொன்னால் வியாபாரம் முடிந்தது. அவருக்குக் காட்ட நாங்கள் நினைத்திருந்ததும் அதுதான். ஆனால் அது வாடையாக இருந்தால் அடுத்த வருடம் நாங்கள் அனுப்பப்போகும் சோளகத்தை அவர் முகத்தில் எறிவார். வாடை என்று சொல்லி அது சோளகமாக இருந்தாலும் அதே கதைதான். நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் மனேச்சர் எழும்பினார். வயிற்றில் ஒரு கை, மேசையில் ஒரு கை.

"சேர், எங்களுக்குத் தெரியாது" என்றார். கழுவினது, உருட்டினது, சாம்பிராணி, இருமல், எறும்பு, பாதர் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். "செவ்வாய்க்கிழமை எல்லாரும் விரதம் முடிச்சு வந்து, சுவை பார்த்துச் சொல்லுறம்."

அந்த மனிசர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "அப்போ இந்த வைன் தொழிற்சாலையில வைன் குடிக்க ஒரு ஆள் இல்ல?"

"இந்தக் கிழமை இல்லை சேர்" என்றார் சின்னராசா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "எதுவா இருந்தாலும் பரவாயில்ல. இதுல இருக்கிறதத்தான் நான் வாங்குவேன்." வெண்கட்டியை நீட்டினோம். "உங்க வெண்கட்டியை நான் நம்பமாட்டேன்" என்று கழுத்துப்பட்டியைக் கழற்றி அந்தத் தாங்கியின் குழாயில் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு இந்தத் தொழிலில் நெஞ்சு வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இருந்தது. எனக்கு அன்றைக்கு இல்லை.

வாகனம் போன பிறகுதான் எல்லாருக்கும் விளங்கியது. கழுத்துப்பட்டி கட்டின தாங்கியில் இருப்பது சோளகம் என்றால் மாரிப் போகம் முடிந்தது, செல்வமணியும் பெண்களும் மழைக்கு வீட்டில்தான். வாடை என்றால் ஒவ்வொரு மாரியும் வேலை. அத்தனை வீட்டுச் சோறும் அந்தக் குழாய்க்குப் பின்னால் நின்றது, ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும்.

"செல்வமணி, என்ர மனிசிக்குத் தெரியவேண்டாம். ஒரு துளி பார்த்துச் சொல்லிவிடுறன்" என்றேன். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"வேணாங்கய்யா!" என்று கையைப் பிடித்துத் தடுத்தார். "அம்மன்கிட்ட கேட்டிருக்கேன். கேட்டுப்புட்டு நடுவுல களவா எட்டிப் பாத்தா, அந்தத் தாயி என்ன நெனைக்கும்?" தாங்கி அறையைப் பூட்டித் திறப்பைத் தாலிக்கொடியில் கட்டிக்கொண்டார். அதுவரை ஒருநேரம் சாப்பிட்டவர் அன்றிலிருந்து அதையும் விட்டுத் தண்ணீரோடு நின்றார். சனி, ஞாயிறு எனக்கு நித்திரை இல்லை. திங்கட்கிழமை வற்றாப்பளையில், அந்தச் சனத்துக்குள், பொங்கல் பானைகளின் புகைக்குள், செல்வமணி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றதைக் கண்டேன். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் அம்மனிடம் எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. "தாயே, புளியாக இருக்கட்டும்" என்று மட்டும் கேட்டேன். வைன்காரன் ஒருவன் அப்படி வேண்டிக்கொண்டது உலகத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை. நெற்றியில் விபூதியோடு எல்லாரும் தாங்கி அறையில் கூடிவிட்டார்கள். பெண்கள் சுவரோடு சுவராக நின்றார்கள். செல்வமணி திறப்பை அவிழ்த்துப் பூட்டைத் திறந்தார். கழுத்துப்பட்டியை அவிழ்த்து ஒரு கிண்ணம் பிடித்து வாயில் விட்டேன்.

இரண்டு காதுக்கும் கீழே, சுருக்கென்று!

துப்ப மறந்து விழுங்கிவிட்டேன். "வாடை!" என்று கத்தினேன். "பிள்ளை, வாடை! புளியோ புளி!" மனேச்சர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பிறகு அழுதார். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் கூச்சல் போட்டார்கள். வெண்கட்டி எழுத்து அழியாமல் இருந்திருந்தால் அந்த மனிசருக்கு வாடையை நாங்கள் காட்டியே இருக்கமாட்டோம்.

"செல்வமணி, இந்தமுறை மாரிக்குக் கொடி வெட்ட ஆயத்தப்படுத்துங்கோ" என்றார் மனேச்சர்.

செல்வமணி நிலத்தில் குந்திவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "ஐயா, நான் ஒரு வாய் பாக்கட்டுமா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமும் அந்தப் பழத்தை மழைக்குள் நனைந்து வெட்டிக் கொண்டுவந்தவர், அந்த வைனை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். மருந்து குடிக்கிற மாதிரி ஒரே மடக்காகக் குடித்தார்.

முகம் கோணியது. ஒரு கண் மூடிக்கொண்டது. வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பி, தண்ணீர் வாங்கி வாயைக் கொப்பளித்து, இன்னொரு தடவையும் துப்பிவிட்டு, முந்தானையால் நாக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"ச்சீ! இதுக்கா நான் அந்தத் தாயிகிட்ட அம்புட்டு அழுதேன்? இதையா காசு குடுத்துக் குடிப்பாங்க?" என்றார். பிறகு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "குடிக்கட்டும் சாமி. ஒவ்வொரு வருஷமும் அவுங்க இதையே குடிக்கட்டும்."